விரியாத ஓட்டுக்குள் உயரும் அழுத்தம்

மண்டையோட்டுக்குள் மூளை, குருதி, மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் நிறைந்திருக்கின்றன. வளர்ந்தவர்களின் ஓடு விரிந்து கொடுக்காது என்பதால், வீக்கத்தாலோ குருதிக் கட்டியாலோ உள்ளே புதிதாக ஒன்று இடம்பிடித்தால் மற்றொன்று வெளியேறியாக வேண்டும். தொடக்கத்தில் மூளைத் தண்டுவட நீர் முதுகெலும்புக் குழாய்ப் பக்கம் நகர்ந்தும், சிரைக்குருதி வடிந்தும் இடம்விடுவதால் அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை; அந்த இருப்பு தீர்ந்தபின் சில மில்லிலிட்டர் கூடினாலே அது செங்குத்தாக உயர்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி திடீரென நினைவிழப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 7 முதல் 15 மி.மீ. பாதரசம், தலைக்காயத்தில் 22-ஐத் தாண்டினால் சிகிச்சை தேவைப்படும். சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து மண்டையழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பதே மூளைக்குக் குருதியைச் செலுத்தும் அழுத்தம். முன்னது 90, பின்னது 20 என்றால் 70 மிஞ்சும். பின்னது 40 ஆனால் 50 மட்டுமே. ஆகவே, இந்நிலையில் உயர்ந்திருக்கும் இரத்த அழுத்தத்தை அவசரமாகக் குறைப்பது மூளையைப் பட்டினி போடுவதாகிவிடும்.

சிகிச்சை எளிய செயல்களில் தொடங்குகிறது. தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்திக் கழுத்தை நேராக வைத்தாலே சிரைக்குருதி தடையின்றி வடியும்; இதை அற்பமென்று எண்ணக் கூடாது. மானிட்டால் என்னும் மருந்து, அடர் உப்புக் கரைசல் ஆகியவை மூளைத் திசுவிலிருந்து நீரைக் குருதிக்குள் இழுக்கின்றன. மானிட்டால் சிறுநீரையும் பெருக்குவதால் இழந்த நீரை ஈடுசெய்யாவிட்டால் இரத்த அழுத்தம் வீழும். செயற்கைச் சுவாசத்தை விரைவாக்கினால் கரியமில வாயு குறைந்து, மூளைக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் சில நிமிடங்களில் இறங்கும். ஆனால் அதே சுருக்கம் குருதியோட்டத்தையும் குறைப்பதால், அடுத்த சிகிச்சைக்கு ஆயத்தமாகும் சிறு இடைவேளைக்கே இது பொருந்தும்.

ஸ்டீராய்டு மருந்து, மூளையில் வளரும் கட்டியைச் சூழ்ந்த வீக்கத்தை நன்கு வடிக்கிறது. தலைக்காயத்திலோ அது இறப்பைக் கூட்டியதாக 2004-இல் வெளியான பெரும் ஆய்வு காட்டியது.

மூளைத் தண்டுவட நீர் நிறைந்த மூளை அறைக்குள் செருகும் குழாய் அழுத்தத்தை அளக்கவும் நீரை வடிக்கவும் உதவும். எதற்கும் அடங்காதபோது ஓட்டின் ஒரு பகுதியையே அகற்றி, வீங்கிய மூளைக்கு இடம் தருகிறார்கள். தலைக்காயத்தில் இந்த அறுவை உயிரிழப்பைக் குறைத்ததையும், பிழைத்தவர்களில் பலர் கடும் ஊனத்துடனோ நினைவற்ற நிலையிலோ வாழ நேர்ந்ததையும் 2016-இன் ஆய்வு ஒருங்கே பதிவு செய்தது. குடும்பத்தாரிடம் ஒப்புதல் கேட்கும்போது இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.