ஜின்னியா: விதை வாங்கும் முன் வெயிலைப் பாருங்கள்

பெங்களூரில் ஜின்னியா வாடிப்போனால் பழி வெயில் மீதுதான் விழும். உண்மையில் இது மெக்சிகோவின் காய்ந்த நிலத்துச் செடி. ஏப்ரல் மாதத்து 35 டிகிரியை அது சுலபமாகத் தாங்கும். நிழலும் நெரிசலும்தான் அதற்கு ஆகாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் தெற்குப் பால்கனி. ஜனவரியில் அங்கே வெயில் உள்ளறை வரை வரும். அதை நம்பித் தொட்டிகளை வரிசையாக வைத்துவிடுவார்கள். ஆனால் ஏப்ரல் 24 வாக்கில் பெங்களூருக்கு நிழலில்லா நாள். நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் பல வாரங்களுக்கு மேல்மாடித் தளமே உங்கள் பால்கனிக்குக் குடை பிடித்துவிடும். பூக்க வேண்டிய நேரத்தில் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளும், மொட்டு குறையும், இலையில் மாவு படிந்தது போன்ற சாம்பல் நோய் பிடிக்கும். உயர வகைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும், அதனால் மொட்டை மாடிதான் சரி. காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழும் கிழக்குப் பால்கனியில் ஒன்றரை அடிக்குள் நிற்கும் குட்டை வகைகளை வையுங்கள். அவற்றில் ப்ரொஃப்யூஷன் வகைக்குச் சாம்பல் நோயைத் தாங்கும் சக்தி அதிகம். பெங்களூர் பால்கனிக்கு எங்கள் முதல் சிபாரிசு அதுதான். பெரிய பூ வேண்டுமென்றால் பெனரிஸ் ஜயன்ட். அது மூன்றடிக்கு மேல் வளரும், காற்றுக்குக் குச்சி கட்ட வேண்டும்.

விதைத்து 60 முதல் 70 நாளில் பூ வரும். குட்டை வகை கொஞ்சம் முந்தும். தைப்பூசத்தை ஒட்டி விதைத்தால் சித்திரை முதல் நாள் தட்டில் வைக்க வீட்டுப் பூ இருக்கும். ஏப்ரல் கடைசியில் மாலை நேர இடிமழை தொடங்கிவிடும், அதற்கு முன்பே செடி நல்ல பூப்பில் இருக்க வேண்டும். முதல் விதைப்புக்கு மூன்று வாரம் கழித்து இன்னொரு தொட்டியிலும் விதையுங்கள். முதல் செடிகள் களைக்கும்போது இவை தொடரும்.

12 அங்குலத் தொட்டிக்கு உயர வகை ஒன்று, குட்டை வகை என்றால் மூன்று. இதற்கு மேல் வைக்காதீர்கள். மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. லால்பாக் பக்கம் சித்தாபுராவின் நர்சரிகளில் கன்னடத்தில் செம்மண்ணை ‘கெம்பு மண்ணு’ என்றும் தொழு உரத்தைக் ‘கொட்டிகெ கொப்பர’ என்றும் கேளுங்கள். நார்க்கழிவு மட்டுமே நிரப்பிய தொட்டி மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும். பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவிட்டுவிடுவோம்.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில், இடத்துக்கு இரண்டாகத் தொட்டியிலேயே நேரடியாகப் போடுங்கள். வேரைக் கலைத்தால் ஜின்னியாவுக்குப் பிடிக்காது. நாலு முதல் ஏழு நாளில் முளைக்கும். அதுவரை புறா கிளறாமல் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டி வையுங்கள். இரண்டு ஜோடி இலை வந்ததும் மெலிந்த நாற்றைப் பிடுங்காமல் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடிவிடும். நாற்று மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூல் போல மெலிந்து சாய்ந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

உயர வகை முக்கால் அடி வளர்ந்ததும் மூன்று ஜோடி இலையை விட்டு, அதற்கு மேலுள்ள நுனியைக் கிள்ள வேண்டும். கிட்டே போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு ஜோடி இலையின் கக்கத்திலும் கடுகளவு பச்சைத் துளிர் இரண்டு தெரியும். நுனி இருக்கும்வரை அவை தூங்கும். கிள்ளிய ஒரு வாரத்தில் ஆறும் கிளம்பும். முதல் மொட்டோடு சேர்த்துக் கிள்ள மனசு வராதுதான். ஆனால் கிள்ளாத செடியில் ஒரே தண்டும் உச்சியில் ஒரு பூவும்தான் முன்னால் நிற்கும்.

தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டு, ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். 2024 மார்ச் வறட்சியில் நம் குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அந்தக் கட்டாயம் இல்லாத வருடத்திலும் அரிசி கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இவையே இரண்டு மூன்று தொட்டிக்குப் போதும். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம், தினமும் அதையே ஊற்றினால் இலை ஓரம் கருகும். பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீர் வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் தெருவில் உதிரும் காய்ந்த இலைகளைத் தண்டை ஒட்டாமல் ஓரங்குலம் பரப்பினால் ஈரம் நிற்கும்.

நோய்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மருந்துச் செலவு பாதி குறையும். இலை மேல் மாவு தூவியது போலப் பரவினால் சாம்பல் நோய். இதற்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. பகல் சூடு, இரவின் ஈரப்பதம், நெருக்கிய செடிகளுக்கிடையே நிற்கும் காற்று போதும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2015 கடைசியில் வளர்த்த ஜின்னியாக்களில் ஈரப்பதம் மிஞ்சிப் பூஞ்சை வந்தபோது செய்த காரியங்களில் ஒன்று மின்விசிறியைக் கூட்டியது. தப்பித்த செடிகளில் 2016 ஜனவரியில் பூ வந்தது. நம் பால்கனிக்கும் அதே வைத்தியம்தான்: தொட்டிகளைத் தள்ளி வையுங்கள், அடி இலைகளைக் கழியுங்கள். ஆரம்ப நிலையில் ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டருக்கு 2 கிராம் நன்றாக வேலை செய்யும், ஆனால் 32 டிகிரிக்கு மேல் அது இலையைப் பொசுக்கும். ஏப்ரலில் அதைத் தொடாதீர்கள்.

நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் செம்பழுப்பும் உள்ள புள்ளி ஆல்டர்நேரியா பூஞ்சை. கோணலான புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பாக்டீரியா. இரண்டும் தண்ணீர் தெறிப்பதாலும் மழையாலும் பரவும், இரண்டும் விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகும். மோசமான செடியைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மொட்டு கட்டும்வரை போதும்.

ரோஜா மொட்டு ஜாடியில் விரியும். ஜின்னியா விரியாது, முழுதாக மலர்ந்த பிறகே பறிக்க வேண்டும். பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். பூத்தலை தொய்ந்து ஆடினால் இன்னும் பொறுங்கள், தண்டு விறைப்பாக நின்றால் கத்தரிக்கலாம். நீளமாக, ஓர் இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அங்கிருந்து இரண்டு கிளை வரும். பறிக்காமல் விட்டால் செடி விதை கட்டப் போய்விடும், புதுப்பூ நின்றுவிடும்.

பருவம் முடியும்போது, நோயில்லாத செடியில் இரண்டு பூவை மட்டும் பழுப்பாகும்வரை விட்டு உதிர்த்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பின) விதைப் பாக்கெட்டிலிருந்து வந்த செடியென்றால் அடுத்த வருடம் அதே நிறமும் உயரமும் வராது. உறைமேல் வகையையும் மாதத்தையும் எழுதி வையுங்கள்.