எத்தனை இனம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரே குளத்தைப் பற்றிய இரண்டு ஆய்வறிக்கைகள் என் மேசைக்கு வந்தன. இரண்டுக்கும் நடுவே பல வருட இடைவெளி. அடியில் வாழும் பூச்சி, புழு, நத்தை இனங்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "எண்ணிக்கை குறையவில்லை, குளம் நன்றாக இருக்கிறது" என்று இரண்டாவது அறிக்கை முடிந்திருந்தது.

பெயர்களைப் படித்தபோதுதான் எனக்கு மனசு கனத்தது. முதல் பட்டியலில் செவுளால் மூச்சுவிடும் மேப்பூச்சியின் இளம்பருவங்களும் பலவகைத் தும்பிகளின் இளம்புழுக்களும் இருந்தன. இரண்டாவதில் அவற்றின் இடத்தில் சிவப்பு ரத்தப்புழுக்கள், சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழுக்கள், நீர்மட்டத்துக்கு வந்து காற்றை எடுத்துக்கொள்ளும் நத்தைகள். ரத்தப்புழுவின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நேரத்திலும் கொஞ்சத்தைப் பிடித்துவைத்துப் பிழைக்க அது உதவுகிறது. எண்ணிக்கை அப்படியே இருக்க, குளத்தின் அடி மூச்சுத்திணறிக் கொண்டிருந்தது.

நீர்நிலைகளில் வேலை செய்பவனாக நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இது. ஒரு நீர்நிலையின் உயிர்க்கூட்டம் இடத்துக்கு இடம் மாறும், நேரத்துக்கு நேரம் மாறும். ஒரு நாள், ஒரு மூலையில் எண்ணிய எண்ணை முழு நீர்நிலைக்கும் பொருத்திவிடக் கூடாது.

முதலில் இடம். ஓர் ஆற்றின் தலைப்பகுதியில் மர நிழல் அதிகம், வெயில் குறைவு. அங்கே உணவு என்பது விழுகிற இலைதான். அதனால் இலையைக் கடித்துத் துண்டாக்கும் பூச்சிகள் அங்கே பெருகும். ஆறு அகலமானதும் வெயில் அடியைத் தொடும், கல்லில் பாசி படரும், பாசியைச் சுரண்டித் தின்பவை வந்துவிடும். இன்னும் கீழே, மேலிருந்து அடித்துவரப்பட்ட நுண்துகள்களை வடிகட்டியும் சேகரித்தும் உண்பவை ஆட்சி செய்யும். 1980இல் சூழலியலாளர் வானோட்டும் அவருடைய சகாக்களும் இதை ஆற்றுத் தொடர்ச்சிக் கருத்தாக முன்வைத்தார்கள். எல்லா ஆறும் இந்தச் சட்டத்துக்குள் அடங்காது என்றாலும் அடிப்படை உண்மை நிற்கிறது. இறங்கி ஏறச் சுலபம் என்பதற்காகப் பாலத்தடியில் மட்டும் மாதிரி எடுத்தால், கிடைப்பது பாலத்தடியின் கதைதான். அங்கிருந்து சில அடி தள்ளி, தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். முற்றிலும் வேறு கூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு இடங்களின் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அளக்க 1960இல் சூழலியலாளர் விட்டேக்கர் பீட்டா பன்மை என்ற சொல்லைக் கொண்டுவந்தார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, காப்பாற்றும் வேலையே அதைப் பொறுத்துத்தான். சில சமயம் ஒரு சிறு குளத்தில் இருப்பவை எல்லாம் பெரிய குளத்திலும் இருக்கும். சிறியதில் சில இனங்கள் இல்லை, அவ்வளவுதான். சில சமயம் இரண்டு குளங்களிலும் ஆட்களே வேறு. முதல் நிலையில், வளமான குளத்தைப் பத்திரமாக வைத்தால் பெரும்பாலானவை தப்பிக்கும். இரண்டாவது நிலையில் ஒரு குளத்தைத் தூர்த்தாலும் அதற்கே உரியவை அந்த வட்டாரத்திலிருந்து போய்விடும். "பக்கத்தில்தான் பெரிய ஏரி இருக்கிறதே" என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நான் இரண்டின் பெயர்ப் பட்டியலையும் கேட்பேன்.

அப்புறம் நேரம். தண்ணீரில் மிதந்து திரியும் மிகச்சிறு விலங்குகளான விலங்கு மிதவை உயிரிகள் பல பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும், இரவில் மேலே வந்து மேயும். பார்வையால் வேட்டையாடும் மீன்களிடமிருந்து தப்பும் வழி அது. நண்பகலில் மேல்மட்டத்தில் வலை இழுத்துவிட்டு "இங்கே அவை குறைவு" என்று எழுதினால் என்ன ஆகும்? ஆக்சிஜனும் அப்படித்தான். பகலில் பாசிகள் அதைச் சுரக்கும், இரவெல்லாம் எல்லா உயிர்களும் அதைச் செலவழிக்கும். விடியலுக்குச் சற்று முன்தான் அளவு அடிமட்டத்துக்கு வரும். மீன்கள் செத்து மிதப்பதைக் காலையில் பார்க்கிறோம், கருவியை வெயில் ஏறியபின் இறக்கி "அளவு சரியாகத்தானே இருக்கிறது" என்கிறோம். அதோடு வெப்பமும் சேர்கிறது. 0 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5தான்.

பருவம் மாற மாற நாடகமே மாறும். குளிர்நாட்டு ஏரிகளில் வசந்தத்தில் டயாட்டம் என்ற நுண்பாசி பெருகும், பிறகு டாஃப்னியா போன்ற நீர்த்தெள்ளுகள் பெருகிப் பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளியவைக்கும், அடுத்து நீலப்பச்சைப் பாசி வரலாம். பிரேசிலின் மனாஸ் நகரருகே அமேசான் ஆறு ஆண்டுதோறும் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. நீர் ஏறும்போது மீன்கள் காட்டுக்குள் நீந்திப் போய்க் கனி தின்கின்றன. இந்த ஏற்ற இறக்கங்களெல்லாம் நோயல்ல, அவை ஆற்றின் இயல்பு. அணை கட்டி அதைச் சமன்படுத்துவதுதான் காயம். வற்றிப்போன குட்டையையும் செத்ததாக எண்ணிவிடாதீர்கள். நீர்த்தெள்ளின் உறங்கும் முட்டைகள் சேற்றில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

இயல்பான மாற்றத்தையும் சேதத்தையும் பிரித்தறியப் பொறுமை வேண்டும். 2014இல் சூழலியலாளர் டோர்னெலாஸும் அவருடைய சகாக்களும் கடல், நன்னீர், நிலம் எல்லாவற்றிலிருந்தும் 100 நீண்டகாலப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இடவாரியான இன எண்ணிக்கையில் ஒட்டுமொத்தச் சரிவு தெரியவில்லை. ஆனால் எந்தெந்த இனங்கள் என்பது தெளிவாக மாறிக்கொண்டே போனது. என்னை இது மிகவும் கவலைப்படுத்துகிறது. திலாப்பியா, கெண்டையினங்கள், கொசுவை ஒழிக்க விடப்படும் கம்பூசியா ஆகிய மீன்கள் உலகமெங்கும் கொண்டுபோய் விடப்பட்டிருக்கின்றன. விட்ட அன்று ஒவ்வொரு ஏரியிலும் எண்ணிக்கை ஒன்று கூடும். வருடங்கள் போகப்போக ஏரிகள் ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிடும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீன் விடப்பட்டது. 1980களில் அது பெருகியபோது, வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சிறு மீனினங்கள் அழிந்தன, அல்லது மிக அரிதாகின. கழிவால் ஏரியின் தண்ணீர் கெட்டதும் சேர்ந்துகொண்டது.

உங்கள் கண்முன் ஒரு நீர்நிலை இருந்து, அதைக் கவனிக்க விருப்பமும் இருந்தால், பெரிய கருவிகள் முதலில் தேவையில்லை. அதே இடங்களுக்கு, அதே பருவத்தில், அதே நேரத்தில், அதே வலையோடு போங்கள். ஆழம், கரை, ஓட்டம், தேக்கம் என்று சில இடங்களையாவது பிரித்து எடுங்கள். தேடியும் கிடைக்காததைக் "காணவில்லை" என்று எழுதிவையுங்கள். பிற்காலத்தில் அந்த வரிக்கு மதிப்பு அதிகம். மாதிரிகளை எரிசாராயத்தில் போட்டு வைப்பதானால், சீட்டைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். சாதாரணப் பேனா மை கரைந்துவிடும். அந்தக் குளத்தின் முதல் அறிக்கையை எழுதியவர் எண்ணை மட்டும் எழுதியிருந்தால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அவர் ஒவ்வொரு பெயரையும் எழுதியிருந்தார், எந்தக் கரையில், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து.