சிமெண்டைக் குழைக்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், சாலை வேலையாகப் போய் நின்றால், பொறியியலாளரான என்னிடம் முதலில் வரும் கோரிக்கை வேகத்தடை மேட்டுக்குத்தான் (எங்கள் பேச்சில் பம்ப்): "தம்பி, இங்க ஒரு பம்ப் போட்டுக் குடுங்க." அடுத்தது, "நீங்க போடலன்னா நாங்களே போட்டுக்கிறோம்."

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் மேடு கட்டுவது சட்டப்படி குற்றம். அதைவிட, வீடு கட்டி மிஞ்சிய சிமெண்டில் எழுப்பும் மேடு குறுகலாக, செங்குத்தாக இருக்கும், வண்ணக்கோடும் இருக்காது. விடியுமுன் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவரின் கண்ணில் அது படவே படாது. நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். காருக்காகப் போட்ட மேடு முதலில் சாய்ப்பது அவர்களைத்தான்.

முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் மணிக்கு எண்பது கிலோமீட்டரில் வந்தவருக்குத் தாமானுக்குள் ஐம்பது என்பது ஊர்வதுபோல் இருக்கும். ஆனால் ஐம்பதில் போகும் கார் ஒரு விநாடியில் 14 மீட்டர் கடந்துவிடும். பந்தைத் துரத்தி ஓடிவரும் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே அந்த விநாடி போய்விடும். முப்பதில் வந்த கார், காய்ந்த சாலையில், ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றே விடும்.

சரி, வேகமாகப் போவது யார்? முட்டுச்சந்துத் தாமானுக்குள் வெளியூர்க்காரருக்கு என்ன வேலை? பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று விரட்டும் நாம்தான். நீங்கள் முப்பதில் போங்கள். இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும் சாலையில் பின்னால் வருபவர் ஹார்ன் அடிக்கலாம், முந்த முடியாது.

முட்டுச்சந்தில்லாத தாமானில் செம்பனைக் குலை லாரி குறுக்கு வழியாக வருகிறதா? வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து லாரி முதலாளியிடமே பேசுங்கள். புகார்க் கடிதத்தைவிட இது சீக்கிரம் நடக்கும். முனை வீட்டுச் செம்பருத்தி வேலி பார்வையை மறைத்தால் வெட்டிவிடுங்கள்.

அப்புறமும் பம்ப் வேண்டுமென்றால் மனு எழுதுங்கள். தாமான் சாலைக்கு ஊராட்சி மன்றம், கூட்டரசுச் சாலைக்குப் பொதுப்பணித் துறை. மாற்றி அனுப்பினால் கடிதம் மேசை மேசையாக அலையும். எந்த லோரோங் (சந்து), எத்தனை மணிக்கு, எந்த வீட்டெண் முன்னால் என்று எழுதி, படமும் வையுங்கள். முக்கியமாக, பம்ப் வரப்போகும் இடத்தின் இரு பக்க வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பம்ப் கேட்பவர்கள் பலர். தன் வீட்டு வாசலில் கேட்பவர் குறைவு. இரவெல்லாம் லாரி 'தடக் தடக்' என்று ஏறி இறங்கினால், அதை எடுக்கச் சொல்லி அடுத்த மனு அந்த வீட்டிலிருந்துதான் வரும்.