கைக்குள் பந்து, கையில் 30 நொடி

"முரட்டுப் பையனுக்குக் கவுன்சிலிங் கொடுத்தால் படிப்பானா?" என்று ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். சிகாகோவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

அங்கே 'பிகமிங் எ மேன்' என்றொரு திட்டம். வன்முறை மலிந்த பகுதிகளின் பள்ளிகளில், வாரம் ஒரு மணி நேரம் பையன்கள் வகுப்பிலிருந்து எழுந்து வந்து கவுன்சிலரோடு உட்காருவார்கள்.

அதில் ஒரு பயிற்சி. இருவர் இருவராகப் பிரிப்பார்கள். ஒருவன் பந்தைக் கைக்குள் இறுக்கிக்கொள்வான். மற்றவன் 30 நொடிக்குள் அதை எடுக்க வேண்டும். உடனே விரலைப் பிரிப்பான், கையை முறுக்குவான், ஒரே மல்லுக்கட்டு. முடிந்ததும் கவுன்சிலர் கேட்பார்: "கொடுடா என்று ஏன் யாரும் கேட்கவில்லை?" கேட்டால் கொடுத்திருக்க மாட்டான், பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருப்பான் என்பார்கள். சரி, பந்து வைத்திருந்தவன் என்ன சொல்கிறான்? "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். வெறும் பந்துதானே!"

இந்த இடம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். எதிராளியின் மனதில் இருப்பதாக நாம் நினைத்தது நம் மனதில் இருந்ததுதான் என்பதை அந்தப் பையன் அங்கேயே, மூச்சு வாங்கிக்கொண்டே கண்டுபிடிக்கிறான்.

அவன் பாய்ந்தது முரடன் என்பதால் அல்ல. தெருவில் ஒருவன் செல்போனைப் பிடுங்க வந்தால் பேசாமல் கொடுப்பவன் அடுத்த வாரமும் இலக்காவான். அதனால் எதிர்த்து நிற்பது யோசிக்காமலே வரும் பழக்கமாகிறது. அதே பழக்கம் "உட்கார், பேசாதே" என்கிற ஆசிரியரிடமும் பாய்ந்துவிடுகிறது. சண்டையே போடாதே என்று திட்டம் சொல்வதில்லை. இது தெருவா, வகுப்பா என்று பார்க்க ஒரு கணம் நிற்கப் பழக்குகிறது. பழிவாங்க வாய்ப்புள்ள ஒரு விளையாட்டை வைத்துப் பார்த்தபோது, திட்டத்தில் சேர்ந்த பையன்கள் முடிவெடுக்க மற்றவர்களைவிட ஏறக்குறைய 80 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஆய்வு 2009-10இல், 18 பள்ளிகளில், 2,740 மாணவர்களை வைத்து நடந்தது. யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அந்த ஆய்வையும் பின்னால் நடந்த இன்னோர் ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால், பங்கேற்றவர்களிடையே வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. பள்ளியில் ஈடுபாடு கூடியது. முதல் ஆய்வில், பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் 12 முதல் 19 சதவீதம் உயர்ந்தது. ஆனால் திட்டம் நின்றதும் கைது குறைந்த பலன் பெரும்பாலும் தேய்ந்துபோனது.

அதனால்தான் தேர்வு முடிவு வரும் வாரத்தில் மட்டும் மனநலக் கவுன்சிலிங் பற்றிப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தாயத்துக் கட்டி, மந்திரித்துக் கூட்டிவரும் பிள்ளைக்கும் தேவை இதுதான்: வாரம் தவறாமல் வந்து உட்காரும் ஒரு பெரியவர். அவருக்கான சம்பளத்தை அரசு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.