கோளாறு ஏலியனில் இல்லை

பிறர் எழுதிய திரைக்கதைகளைப் படித்து, எங்கே தொய்கிறது என்று சொல்வது என் தொழில். அடுத்த பாகம் எழுதுகிறவர்கள் பலரிடமும் ஒரு தவிப்பைப் பார்க்கிறேன்: போன தடவையைவிடப் பிரம்மாண்டமாக எதையாவது இறக்கிவிட வேண்டும். அந்த அவசரத்தில், அது நாயகனை என்ன செய்யப் போகிறது என்பதை யோசிக்க மறந்துவிடுகிறார்கள். அவர்களிடம் நான், இண்டியானா ஜோன்ஸ் என்ற தொல்லியல் பேராசிரியரின் சாகசங்களைச் சொல்லும் ஹாலிவுட் படவரிசையில், 2008-இல் வந்த நான்காம் பாகத்தைத்தான் மறுபடி பார்க்கச் சொல்வேன்.

மூன்றாம் பாகம் வந்தது 1989-இல். பத்தொன்பது வருடம் காத்திருந்த ரசிகர்களுக்குக் கடைசியில் கிடைத்தது பறக்கும் தட்டு. “இந்தக் கதையில் ஏலியனுக்கு என்ன வேலை?” என்று கொதித்தார்கள். கோபம் நியாயமானது, காரணம்தான் வேறு. முதல் படத்தில், பைபிளில் வரும் உடன்படிக்கைப் பெட்டியிலிருந்து ஆவிகள் கிளம்பியதை ஏற்றுக்கொண்டவர்கள், ஏலியனையும் ஏற்றிருப்பார்கள். இந்தப் படவரிசையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸின் கணக்கிலும் தர்க்கம் உண்டு. முந்தைய படங்கள் 1930-களில் நடப்பவை, அந்தக் காலத்து சாகசத் தொடர்களின் சாயலில் எடுக்கப்பட்டவை. இந்தக் கதை நடப்பது 1957-இல். அப்போதைய மலிவு பட்ஜெட் படங்களில் பறக்கும் தட்டுதான் ராஜா. இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு இதில் விருப்பமில்லை என்பதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

சரி, எங்கே சறுக்கியது? தொடக்கத்திலேயே. ராணுவக் கிடங்கில் ஜோன்ஸ் ஒரு கைப்பிடி வெடிமருந்தைக் காற்றில் வீசுகிறார். அது தானாக மிதந்து, அடுக்குகளுக்கு நடுவே ஒரு பெட்டியைத் தேடிப் போகிறது. அருமையான காட்சி! பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று மனம் பரபரக்கிறது. உடனே பெட்டியைத் திறந்து, உள்ளே கிடக்கும் வேற்றுலக உடலைக் காட்டிவிடுகிறார்கள். அப்புறம் பெருவின் கல்லறையில் ஜோன்ஸ் வேற்றுலகத்தாரின் நீண்ட படிக மண்டையோட்டை எடுத்து வியக்கும்போது, நமக்கு வியக்க எதுவும் மிச்சமில்லை. துப்பறிகிறவனுக்கு முன்னால் பார்வையாளன் போய் நின்றுவிட்டான்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1981-இல் வந்த முதல் படத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் சக்தியைக் கட்டுக்கதை என்று சிரித்த ஜோன்ஸ், கடைசியில் கண்ணை மூடிக்கொள்கிறார். காதலி மரியனையும் பார்க்காதே என்கிறார். 1989-இல் குண்டடிபட்ட அப்பாவைக் காப்பாற்ற, கண்ணுக்குத் தெரியாத பாலத்தில் காலை வைக்கிறார். தேடிய கோப்பை, இயேசு குடித்ததாகச் சொல்லப்படும் புனிதக் கோப்பை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அப்பாவின் ஒரு சொல்லுக்காக விட்டுவிடுகிறார். அதிசயம் அவரிடமிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கியது. நான்காம் பாகத்தில் மண்டையோடு அவரைக் கூப்பிடுகிறது, அதை அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார், பறக்கும் தட்டு கிளம்புகிறது. மேட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறார். அவர் எதை நம்பினார், எதை இழந்தார்? எதுவுமில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. பழங்குடிகளுக்கு விவசாயத்தையும் நீர்ப்பாசனத்தையும் கற்றுக்கொடுத்தது வேற்றுலகத்தார்தான் என்கிறது படம். அந்தக் கருத்து ஒரு தொல்லியல் பேராசிரியரின் கதைக்குள் வருகிறது! வாழ்நாள் முழுக்கப் பழைய மனிதர்களின் கைவேலையைத் தேடியவருக்கு அதில் ஒரு துளி கோபமாவது வரவேண்டாமா? அந்த மோதலை எழுதியிருந்தால், ஏலியன் கதை அவருடைய கதையாகவே மாறியிருக்கும்.

2023-இல் வந்த ஐந்தாம் பாகம் வசூலில் அடிவாங்கியது. ஆனாலும் அதில் காலம் தாண்டிப் பண்டைய கிரேக்க நகரமான சிரக்யூஸின் முற்றுகைக்குள் போய் விழுகிற ஜோன்ஸ், காயத்தோடு, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கெஞ்சுகிறார். ஏலியனைவிட நம்ப முடியாத சங்கதி அது. மகனை இழந்து, மனைவியைப் பிரிந்து, படித்த வரலாற்றைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாத ஒரு கிழவர் அதைக் கேட்பதால், அந்த இடத்தில் யாரும் தர்க்கம் பேசுவதில்லை.