விரல் போன பிறகு எழுதப்படும் ‘கவனக்குறைவு’

வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளின் விபத்து அறிக்கைகளைப் புரட்டினால், பவர் பிரஸ்ஸில் (உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் இயந்திரம்) விரல் போன சம்பவங்களுக்குக் காரணமாகத் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்றே பெரும்பாலும் எழுதியிருக்கும். பாதுகாப்பு அலுவலராக அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இத்தகைய கோப்புகளோடு காலம் தள்ளும் எனக்கு அந்த வரியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. பிராக்கெட்டையோ வாஷரையோ வைத்து எடுக்க ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை டைக்குள், அதாவது தகட்டை அழுத்தும் அச்சுக்குள், கை நுழைகிறது. மனிதன் என்றால் ஒரு முறையாவது அசருவான். அதற்கு விரலை விலையாகக் கேட்கும் இயந்திரத்தைப் பற்றி அறிக்கை வாய் திறப்பதில்லை.

சிறு பட்டறைகளில் இன்னும் ஓடும் கீ கிளட்ச் பிரஸ்ஸையே பாருங்கள். பெடலை மிதித்ததும், சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலோடு ‘கீ’ என்ற உலோகத் துண்டு கோத்துக்கொள்ளும். அதன்பின் ஒரு சுற்று முடியும்வரை பிரஸ்ஸை யாராலும் நிறுத்த முடியாது. கீ தேய்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ, மிதிக்காமலேயே இரண்டாவது அடியும் விழும். பொருளை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும் நேரம் அது. இதில் யாருடைய கவனம் குறைந்தது?

ஆடிட்டுக்காக இதே பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் உணரும் ஒளிக்கதிர்த் திரை) மாட்டி வைப்பவர்களும் உண்டு. கதிர் தடைபட்டால் கர்ட்டன் ‘நில்’ என்று சொல்லும். பாதி வழியில் நிற்கும் திறன் அந்தக் கிளட்ச்சுக்குக் கிடையாது. வெறும் அலங்காரம். டைக்குள் விரல் நுழைய முடியாதபடி நிலையான தடுப்பு போடுவதே அங்கே சரி.

பாதி வழியிலும் நிறுத்த முடிகிற காற்றழுத்தக் கிளட்ச் உள்ள பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் பயன்படும், சரியான தூரத்தில் இருந்தால். கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகரும் என்பது ஐ.எஸ்.ஓ. 13855 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலை வைத்திருக்கும் கணக்கு. பிரஸ் நிற்க 0.2 வினாடி ஆகுமானால் கர்ட்டன் குறைந்தது 40 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். பிரேக் தேயத் தேய நிற்கும் நேரம் கூடும். அதை அளந்து பார்த்த பதிவேடு எங்கே என்று கேட்டால், பல இடங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இரு கைகளும் டைக்கு வெளியே இருக்கும்படி சேர்த்து அழுத்த வேண்டிய இரு கை பட்டன்களில் ஒன்றில் மரத்துண்டைச் செருகி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பதும் அடிக்கடி கண்ணில் படும் காட்சிதான். ஆபரேட்டரைத் திட்டுவதற்கு முன் அன்றைய உற்பத்தி இலக்கைப் பாருங்கள். டேப் சுற்றியவர் யாரென்று பாதி புரிந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் இரு பட்டன்களையும் விட்டுவிட்டு, அரை வினாடி இடைவெளிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் இயங்கும் கட்டுப்பாட்டை வைத்தால் டேப்புக்கு வேலையே இல்லை.

விபத்து நடந்தேவிட்டால், துண்டான விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் போடாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டு செல்லுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) ஊனப் பலனுக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உரிமை உண்டு. தற்காலிக ஊனத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர இழப்புக்கான அட்டவணையில், கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று கணக்கு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. விபத்து பணியிடத்தில்தான் நடந்தது என்று அறிக்கையில் பதிவாகியிருக்கிறதா என்பதை முதல் வேலையாகப் பாருங்கள். ‘வீட்டில் அடிபட்டது’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டால் இந்தப் பலன் கைக்கு எட்டாமலே போகக்கூடும்.