சொல் விளக்கம்: அப்பெண்டிசைட்டிஸ் – குடல்வால் அழற்சி

கோபி, பெருந்துறைப் பக்கம் "அப்பண்டிஸுங்க, ஆப்பரேசன் பண்ணியாச்சு" என்பார்கள். முழுப்பெயர் அப்பெண்டிசைட்டிஸ், 1886ல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் வைத்தது. அப்பெண்டிக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு ஒட்டித் தொங்குவது என்று பொருள். புத்தகத்தின் பின்னிணைப்புக்கும் அதே சொல்தான். கடைசியில் வரும் 'ஐட்டிஸ்' கிரேக்கம். மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கும்.

தமிழில் ஒட்டுக்குடல் என்றும் குடல்வால் என்றும் சொல்கிறோம். பெருங்குடல் தொடங்குமிடத்தில் விரல் போலத் தொங்கும் உறுப்பு அது. குடல்வால் என்றதும் உருவம் கண்ணில் வந்துவிடுகிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். 'குடல்வால் வீக்கம்' என்று சிலர் எழுதுவது போதாது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி நான்கும் சேர்ந்தது இந்த நோய். அழல் என்றால் நெருப்பு. அதிலிருந்து வந்த அழற்சிதான் சரியான சொல்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? "எங்க வலிக்குது, கண்ணு?" என்று கேட்டால் பிள்ளை முதலில் தொப்புளைச் சுற்றி உள்ளங்கையை வைத்துக் காட்டும். குடல்வாலின் நரம்பும் தொப்புள் பகுதியின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சேர்வதால் மூளைக்கு இடம் பிடிபடுவதில்லை. சில மணி நேரத்தில் அழற்சி வயிற்றின் உட்சுவரைத் தொட்டதும் அதே பிள்ளை வலது அடிவயிற்றில் ஒற்றை விரலை வைக்கும். தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பின் முன்முனைக்கும் கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம். 1889ல் இதைக் குறித்துக் காட்டிய அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி பெயரால் அது மெக்பர்னி புள்ளி. கூடவே பசியே இருக்காது. குமட்டல், வாந்தி, இலேசான காய்ச்சல் வரலாம். இருமினாலும், வண்டி குழியில் இறங்கினாலும் சுருக்கென்று வலிக்கும். சின்னக் குழந்தை, வயதானவர், கர்ப்பிணி ஆகியோரிடம் இந்த வரிசை மாறலாம்.

நம் பக்கத்தில் வயிற்றுவலி என்றால் "கொடலேத்தமா இருக்கும்" என்று எண்ணெய் தடவி நீவி விடுவதும், பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பதும் உண்டு. அக்கறையில் செய்வதுதான், ஆனாலும் இந்த வலிக்கு இரண்டும் கூடவே கூடாது. அழன்ற குடல்வால் வெடித்துவிடலாம். துடித்த வலி திடீரென நின்றாலும் "சரியாப் போச்சு" என்று இருந்துவிடாதீர்கள், அது வெடித்ததன் அறிகுறியாகவும் இருக்கும். அப்புறம் வலி வயிறெங்கும் பரவும், வயிறு பலகையாக இறுகும். நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் சோறு, காப்பி எதுவும் கொடுக்க வேண்டாம்.